கரிநாக்குச் சிஸ்டர்

வெள்ளவத்தையில் சரோஜினிதேவியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வாயைத் தெரியாதவர்கள் இல்லை. மரக்கறி வாங்கக் காலி வீதிக்கு இறங்கினார் என்றால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். ஆருக்குச் சீனி ஏறியது, ஆருடைய மருமகள் கனடாவிலிருந்து கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், எந்தப் பிளற்றில் லிஃப்ட் நின்றுவிட்டது என்ற சங்கதியெல்லாம் அவரிடம் இருக்கும். போதாக்குறைக்கு, அவர் வாயில் வந்தது பலிக்கும் என்றொரு பேச்சு. ஆரோ உட்கார்ந்திருந்த கதிரையைப் பார்த்து, இது ஒருநாளைக்கு உடையும் என்று அவர் சொன்ன மறுநாளே அது உடைந்ததாம். கதிரை பழசு, உடையத்தானே செய்யும்? எங்கள் சனத்துக்கு அது காணும், வேறொன்றும் தேவையில்லை. கரிநாக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த வாய்க்கு மரியாதை கிடைத்த இடம் ஒன்றும் இருந்தது. அவர் பக்கத்திலேயே உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஒப்பரேசன் தியேட்டரில் சிஸ்டர். அங்கே மயக்க மருந்து கொடுப்பவர் டொக்டர் ஹெக்டர். கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். கத்தி வைப்பதற்கு முன்னர் எல்லோரையும் ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பது எல்லாத் தியேட்டரிலும் உள்ள முறைதான். ஆளின் பெயர் சரியா, எந்தப் பக்கம், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பார்ப்பார்கள். ஹெக்டர் அதோடு விடமாட்டார். "இந்த ஆளப் பத்தி பேப்பர்ல இல்லாத ஏதாச்சும் யாருக்காச்சும் தெரியுமா? இன்னைக்கு நம்மள எது ஏமாத்தப் போவுது?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார்.

மற்றவர்கள் ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார்கள். சரோஜினிதேவிக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். சுருட்டை விட்டுவிட்டேன் என்று சொன்ன ஐயா விறாந்தையில் நாறிக்கொண்டு நின்றவர். இந்த அம்மாவுக்கு ஒரு பல் கட்டுப்பல், வெட்கத்தில் சொல்லாமல் படுத்திருக்கிறா. ஒருநாள், வெறும் வயிற்றோடு இருக்கவேண்டிய ஒருவருக்கு மனைவி பாவம் பார்த்து விடியற்காலையில் கொடுத்த பால்தேத்தண்ணியைக்கூட மோப்பம் பிடித்துச் சொல்லி, ஒப்பரேசனைப் பின்னுக்குத் தள்ள வைத்தார். சிஸ்டர் இருக்கும்போது ஸ்கானர் எதற்கு என்று ஹெக்டர் பகிடி பண்ணுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளையின் வாயால் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

மாதத்துக்கு ஒருதரம் ஹெக்டர் ஒரு ரப்பர் பொம்மையை மேசையில் கிடத்தி ஒத்திகை வைப்பார். திடீரென்று கரண்ட் போகும், இரத்தம் பீறிடும், இதயம் நிற்கும். எல்லாம் பாவனைதான், ஆனால் பொம்மை செத்தால் அவருக்கு மெய்யாகவே கோபம் வரும். அவர் அடிக்கடி வைத்த ஒத்திகைக்கு 'நெருப்பு' என்று பெயர். சில குடும்பங்களின் இரத்தத்தில் ஒரு குறை இருக்கிறதாம். மயக்குகிற காஸ் உள்ளே போனதும் தசையெல்லாம் இறுகி உடம்பு உலைபோல் கொதித்துவிடுமாம். அதற்கு ஒரேயொரு மருந்து, தூளாகப் போத்தலில் வரும், லேசில் கரையாது. அதனால் எல்லோரும் வெறும் போத்தலைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பழகினார்கள். குலுக்கும்போது தியேட்டரில் ஒரே சிரிப்பாக இருக்கும்.

அப்படி ஒருநாள், தியேட்டரில் கட்டில் தள்ளுகிற பிரதீஸ், ஹட்டன் பக்கத்து ஆள், இந்த வியாதி நம்ம நாட்டில் யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"வந்திருக்கும்," என்றார் ஹெக்டர். "வேற பேர்ல செத்திருப்பாங்க."

சரோஜினிதேவி அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டே போத்தலைக் குலுக்கினார். பாவி மனுசிக்கு அப்போதாவது ஒன்று தட்டியிருக்கக் கூடாதா?

இரத்தினசிங்கம் அவருடைய பிளற்றில் மேல்வீட்டுக்காரர். கப்பல் கொம்பனியில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், வாய்ப்பேச்சில் சரோஜினிதேவிக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆள். படியில் சந்தித்தால் இருவரும் ஒருவரை ஒருவர் வாராமல் கடக்க மாட்டார்கள். அவருடைய மனைவி பவளராணி, சரோஜினிதேவிக்கு உயிர்ச் சிநேகிதி. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் கோயிலுக்குச் சேர்ந்துதான் போவார்கள். மகள் தனுஷியா வங்கியில் வேலை செய்தாள், அவளுக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் கூடிவரும்போல் இருந்தது. இந்த நேரம் பார்த்து இரத்தினசிங்கத்துக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன ஒப்பரேசன்தான், கமரா போட்டு எடுத்துவிடலாம், கலியாணப் பேச்சு முற்றுவதற்குள் செய்துவிட்டால் நல்லது என்று நாளும் குறித்தாயிற்று.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழைய சாவு இருந்தது. இரத்தினசிங்கத்தின் தமையன், இளந்தாரி, யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் அப்பண்டிஸ் ஒப்பரேசனுக்குப் போய் மேசையிலேயே முடிந்துவிட்டார். சரோஜினிதேவிக்கு அது கேள்விப்பட்ட கதையல்ல. அப்போது அவர் அதே ஆஸ்பத்திரியில் படிக்கிற நேர்ஸ். விறாந்தையில் அந்த உடம்பைத் துணியால் மூடியவர் அவர்தான். கரண்ட் இல்லை, மருந்து இல்லை, வெளியே ஷெல் விழுகிறது. ஏன் செத்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சண்டை கொன்றது, அவ்வளவுதான். அந்த நாட்களில் போனவர்களின் கணக்கையெல்லாம் நாங்கள் சண்டையின் தலையிலேயே எழுதிவிட்டோம். அநேகமாக அது சரியாகத்தான் இருந்தது.

ஒப்பரேசனுக்கு முன்னர் ஹெக்டர் இரத்தினசிங்கத்தைக் கூப்பிட்டு, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அது பொய்யில்லை. தமையனைக் கொன்றது சண்டை என்று அவர் முப்பது வருசமாக நம்பியிருந்தார்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் பின்னேரம் பவளராணி விபூதிப் பொட்டலத்தோடு கீழே வந்தார். மடித்துக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல காரியம் தொடங்கேக்க உள்ளுக்கை போய்ப் பெரியண்ணையின்ர கதையை எடுத்துப்போடாதையும் சரோஜா. உம்மட நாக்கை நினைச்சால் எனக்குப் பயமாயிருக்கு."

பகிடிபோலத்தான் சொன்னார், கண் பகிடி பண்ணவில்லை. சரோஜினிதேவிக்குச் சுருக்கென்றது. ஊரார் சொன்னால் சிரிக்கலாம், உயிர்ச் சிநேகிதியும் கரிநாக்கென்று நம்பிக்கொண்டா இருக்கிறா? வாயைத் திறக்க மாட்டேன், நீர் போய் நிம்மதியாகப் படும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது இரத்தினசிங்கம் மனைவியைப் பார்த்து, போயிட்டு வாறன் என்றார். சரோஜினிதேவியைப் பார்த்து, கல்லை எடுக்கிற சாட்டில் என் வாயையும் தைத்துவிடாதையும் என்றார். சரோஜினிதேவிக்கு வழக்கம்போல் பதில் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு நாக்கைக் கட்டிப் போட்டிருந்தார்.

உள்ளே எல்லாம் ஒழுங்காயிற்று. ஊசியில் ஆள் மயங்கி முடிந்தது, காஸ் இப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒப்பரேசன் செய்கிற டொக்டர் ராகுலன் கத்தியோடு தயார். ஹெக்டர் எல்லோரையும் நிறுத்தினார். வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் கடைசியாகச் சரோஜினிதேவியின் பக்கம் திரும்பி, "சிஸ்டர்?" என்றார்.

அந்த நினைவு வந்தது. வராமல் இல்லை, அதுதான் கொடுமை. இவருடைய தமையன் மேசையில் செத்தவர் என்ற வசனம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பவளராணியின் முகமும் வந்தது. அது சண்டையில் போன உயிர், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இந்த நேரத்தில் எதற்கு அபசகுனம் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். பிறகு அதை விழுங்கினார்.

"எங்கட ஆள்தான் டொக்டர். ஒரு பிரச்சினையும் இல்லை."

தொடங்கினார்கள். வயிற்றுக்குள் காற்று ஏற்றிச் செய்கிற ஒப்பரேசனில் மெஷினில் வெளிமூச்சைக் காட்டுகிற இலக்கம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அது ஏறியபோது ஒருவரும் கவலைப்படவில்லை. ஹெக்டர் மூச்சைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். இலக்கம் இன்னும் ஏறியது. நாடி ஓடத் தொடங்கியது. ஹெக்டர் எழும்பி, இரத்தினசிங்கத்தின் தாடையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. கையை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. அவர் முகம் வெளுத்தது, குரல் மட்டும் மாறவில்லை.

"நெருப்பு," என்றார். "ஒத்திகை இல்ல."

யாரும் கத்தவில்லை. ஒத்திகை பார்த்துப் பழகியதன் பலன் அன்றைக்குத் தெரிந்தது. காஸ் நின்றது. ராகுலன் தான் தொடங்கியதை அப்படியே விட்டு, கமராவை இழுத்து, தையல் போட்டு மூடினார். ஒருவர் குளிர்ந்த சேலைன் ஏற்றினார், ஒருவர் ரெலிபோனைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் அந்த மருந்து முதல் தடவைக்குப் போதுமான அளவுதான் இருந்தது. மிச்சம் பட்டணத்தின் மறுகரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும். இருந்த போத்தல்களை ஆளுக்கொன்றாக எடுத்துக் குலுக்கினார்கள். ராகுலனும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நின்று குலுக்கினார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐஸ் வேண்டும் என்றார் ஹெக்டர். ஒத்திகையில் ஐஸ் எப்போதும் கிடைக்கும், வாயால் சொன்னால் வந்துவிடும். அன்றைக்கு ஐஸ் மெஷின் பழுது. பிரதீஸ் ஒரு சொல்லும் கேட்காமல் தியேட்டர் உடுப்போடு வெளியே ஓடினார். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரிடம் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னாராம், அந்த மனுசன் மீனைக் கீழே கொட்டிவிட்டு ஐஸைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தாராம். செதிளும் மீன் வாடையுமாக அந்த ஐஸ் உள்ளே வந்தது. நோய்க்கிருமி ஒன்றும் அண்டக்கூடாத இடத்தில் அதை உறையில் அள்ளிப்போட்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்துக் கட்டினார்கள்.

தொடைப் பக்கம் கட்டியவர் சரோஜினிதேவி. உறையை அழுத்திப் பிடித்தபோது இரத்தினசிங்கத்தின் சூடு கையுறையைத் தாண்டி ஏறியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சூடு அவருக்குத் தெரியும். விறாந்தையில் அன்றைக்குத் துணியை இழுத்து மூடும்போது, செத்துப்போன அந்த இளந்தாரியின் தோளில் கை பட்டது. செத்த உடம்பு குளிரும் என்று படித்துக்கொண்டிருந்த பெட்டைக்கு அது சுட்டது. ஷெல்லுக்குப் பயந்து ஓடிய ஓட்டத்தில் அதை மறந்துபோனார். இத்தனை வருசம் தியேட்டரில் நின்றும், சுவரில் 'நெருப்பு'க்கான அறிவித்தல் தொங்கியும், அந்தச் சூட்டையும் இந்த வியாதியையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வேற பேர்ல செத்திருப்பாங்க என்று அந்த மனுசன் காதில் விழச் சொன்னாரே!

"சிஸ்டர், கட்டுங்க," என்றார் ஹெக்டர். அவர் கட்டினார்.

மிச்ச மருந்தோடு வந்த அம்புலன்ஸ் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பம்பலப்பிட்டியில் மாட்டுப்பட்டது. வந்து சேர்ந்ததும் கொடுத்தார்கள், சூடு இறங்கவும் செய்தது. ஆனால் சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாம் வெந்த மாதிரி ஆகிவிட்டது. இரத்தினசிங்கம் பிறகு கண் விழிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில், சிநேகிதிகள் இருவரும் கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரத்தில், போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு ஹெக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டனுப்பினார். பவளராணியும் தனுஷியாவும் வந்தார்கள், துணைக்குச் சரோஜினிதேவி. இது இரத்தத்தில் வருகிற குறை, பிள்ளைக்கும் இருக்கலாம் என்று ஹெக்டர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். இங்கே அதற்குரிய பரிசோதனை செய்விப்பது லேசில்லை, குடும்பத்தில் முன்னர் ஒருவருக்கு இப்படி நடந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பிள்ளைக்கு இனி எந்த ஒப்பரேசன் என்றாலும் காஸைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். அப்படி யாரும் ஒப்பரேசனில் செத்திருக்கிறார்களா?

"ஒருத்தரும் இல்லை டொக்டர்," என்றார் பவளராணி.

சொல்லிவிட்டுச் சரோஜினிதேவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. குடும்பத்தில் நோய் என்று ஒரு சொல் லண்டனுக்கு எட்டினால் சம்பந்தம் அன்றைக்கே முறியும். தாலியைக் கழற்றி ஒரு மாதந்தான் ஆகிறது, பிள்ளையையாவது கரையேற்ற வேண்டாமா? அவரைக் குறை சொல்ல வேண்டாம். எங்களில் எத்தனை தாய்மார் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள்? சரோஜினிதேவி தனுஷியாவைப் பார்த்தார். தகப்பனின் அதே தாடை.

"இருந்தவர் டொக்டர்," என்றார் சரோஜினிதேவி. "இவரின்ர பெரியண்ணை. மேசையில செத்தவர். நான் தொட்டனான், உடம்பு கொதிச்சது."

பவளராணி மெல்லத் திரும்பினார். கோபப்படுவார் என்று சரோஜினிதேவி நினைத்தார். அவர் கோபப்படவில்லை.

"அப்ப இதை அண்டைக்கு உள்ளுக்கை சொல்லியிருக்கலாமே, சரோஜா."

நீர்தானே வாயைத் திறக்க வேண்டாம் என்றீர் என்ற பதில் தயாராக நின்றது. அதை அவர் சொல்லவில்லை. அவர் ஆயுளில் விழுங்கிய வசனங்களில் கனமானவை இரண்டு. முதலாவது சொல்லியிருக்க வேண்டியது. இது விழுங்கத்தான் வேண்டியது, விழுங்கினார்.

காஸ் கூடாதென்று ஹெக்டர் தனுஷியாவுக்கு ஒரு காட் எழுதிக் கொடுத்தார், அந்தச் சேதி எட்டி லண்டன் சம்பந்தம் முறிந்தது. பவளராணி படியில் கண்டால் முகத்தைத் திருப்பவில்லை, அதைவிட மோசமாக, நீங்கள் நாங்கள் என்று மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் வேறுவேறு நேரத்துக்குக் கோயிலுக்குப் போனார்கள். சரோஜினிதேவி கடைத்தெருவிலும் கதையைக் குறைத்துக்கொண்டார். மரக்கறியோடு நேரத்துக்கு வீடு வந்து சேருவதைக் கண்டு சனம் ஆச்சரியப்பட்டது.

தியேட்டரில் சில காரியங்கள் மாறின. பிழை தன்னிலும் உண்டு என்றார் ஹெக்டர். மயக்க மருந்தால் செத்தவர்கள் உண்டா என்று கேட்டேனே தவிர, சண்டைக் காலத்தில் ஒப்பரேசனில் செத்தவர்கள் உண்டா என்று கேட்கவில்லையே என்றார். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பது சரோஜினிதேவியின் வேலை. ஒப்பரேசனுக்கு வருகிற வயதுபோனவர்களைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அந்த நாட்களில் மேசையில் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா, என்னத்தால் என்று வடிவாக நினைத்துப் பாருங்கோ என்று கேட்பார். வெளிக்கிடுகிற நேரத்தில் இந்தக் கரிநாக்கு என்ன கேட்கிறது பார் என்று சிலர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வார். ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை.

போன வருசம் ஒரு காலை தனுஷியா ரெலிபோன் எடுத்தாள். வயிற்றுக்குத்து தாங்க முடியவில்லை, அப்பண்டிஸ் என்கிறார்கள், காட் என்னட்டைத்தான் இருக்கு, நீங்கள் தியேட்டருக்குள்ளை நிண்டால் வருவன் சரோஜா அன்ரி என்றாள். அவர் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டு ஓடினார். பவளராணியும் வந்திருந்தார். இரத்தினசிங்கத்துக்காகக் காத்திருந்த அதே வாங்குப் பலகையில் போய் இருந்தார்.

ஒப்பரேசன் மத்தியானத்துக்கு முன் முடிந்தது. சரோஜினிதேவி முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பவளராணி எழும்பவில்லை.

"பிள்ளை கண் முழிச்சிட்டா. தண்ணி கேக்கிறா."

பவளராணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்து, பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

சரோஜினிதேவி சொன்னார். மெஷினின் குழாய்களை மாற்றினோம். பழைய காஸ் போகும்வரை அதை ஒட்சிசனால் கழுவினோம். காஸே கொடுக்காமல் நரம்பால் மருந்து ஏற்றி நித்திரையாக்கினோம். இந்தக் குறைக்கு ஆகாத ஊசி ஒன்றைப் போடாமல் விட்டுவிட்டோம். அந்தத் தூள் மருந்தை முழுதாக வாங்கி மேசையில் அடுக்கி வைத்திருந்தோம், ஒரு போத்தலும் உடைக்கவில்லை, அப்படியே திரும்பிப் போகிறது.

பவளராணி எல்லாவற்றையும் கேட்டார். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லட்டும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

"அவருக்கும் இவ்வளவு செய்திருந்தால் காணுமாயிருந்திருக்குமோ, சரோஜா?"

வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்த அந்த வாய் இந்த முறை எதையும் விழுங்கவில்லை. காணும் பவளம் என்று சொல்லிவிட்டுச் சரோஜினிதேவி வாங்கின் மறுமுனையில் இருந்தார். உள்ளேயிருந்து தனுஷியா அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. இருவராலும் உடனே எழும்ப முடியவில்லை.